தொடர்ந்து ஆறு மாதம்

என் கையெழுத்து நல்லது. அதனால்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. வேறு தகுதி எதுவும் எனக்கு இருக்கவில்லை.

எட்டாம் வகுப்பு முடிக்கவில்லை. இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. திரும்பி வந்து கடலுக்குப் போனேன். முழங்கால் பழுதானதும் நண்டுக் கொம்பனியில் தராசடிக்கு வந்தேன். படகுக்காரர் கொண்டுவரும் நண்டை நிறுத்து எழுதிக் கொடுக்கிற வேலை. என் எழுத்தைப் பார்த்த மனேச்சர் கந்தோருக்குள் எழுத்து வேலைக்கு எடுத்தார். முதலில் லீவுப் புத்தகம். பிறகு சம்பளம். பிறகு மருந்துக் காசு. கடைசிப் பதினொரு வருடம் அந்த மேசையில்தான் இருந்தேன்.

இப்போது அதற்கு நீங்கள் இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் படித்தவர்கள். உங்களில் ஒருவர் போன் எடுத்து, "அங்கிள், மருந்துக் காசுத் திட்டத்தைத் திருப்பி எழுதச் சொல்லுகினம். பழசில என்ன பிழை எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டார். போனில் எனக்குச் சொல்ல வராது. எழுதுகிறேன். பில் எப்படி ஒட்டுவது, புத்தகம் எப்படிப் போடுவது எல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதை விடுகிறேன். நான் விட்ட பிழையை மட்டும் எழுதுகிறேன்.

நான் அந்த மேசைக்கு வந்தபோது மருந்துக் காசு கந்தோருக்கு மட்டும்தான் இருந்தது. வருத்தம் வந்தால் உங்கள் காசில் மருந்து எடுக்கலாம். பில்லைக் கொண்டுவந்தால் கொம்பனி திருப்பிக் கொடுக்கும். வருடத்துக்கு இவ்வளவு என்று ஓர் எல்லை. கந்தோரில் பதினொரு பேர். அங்கால் மண்டபத்தில் நண்டு உடைக்கிற பெண்கள் நூறுக்கு மேல். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத்துண்டு கலக்காமல் சதையை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். தாராபுரம், பெரியமடு, வெள்ளாங்குளம் என்று நாலு பக்கமிருந்தும் கொம்பனி வான் ஏற்றிவரும். அவர்களுக்கு மருந்துக் காசு இல்லை.

வெள்ளாங்குளத்துப் பவளம் ஒருநாள் நான் மண்டபத்தைக் கடந்து போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

"கந்தோர்க்காரருக்குக் காய்ச்சல் எண்டா கொழும்பு டொக்டர். எங்களுக்கெண்டா கொத்தமல்லி. காய்ச்சலுக்கே ஆள் தெரியுது பார்."

மண்டபம் சிரித்தது. நான் கேட்காத மாதிரிப் போய்விட்டேன்.

பவளத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரு மகள், வவுனியாவில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பவளத்துக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. மண்டபத்தில் கை வேகமானவர்கள் நாலைந்து பேர். அதில் பவளம் ஒருவர். எடுத்த சதையின் நிறைக்குத்தான் கூலி. கை ஓடினால் காசு. அவருடைய கை நன்றாக ஓடும்.

அந்த வருடம் சதையை வாங்குகிற வெளிநாட்டுக் கொம்பனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மனேச்சர் அதை வாசித்துச் சொன்னார். வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கிற எந்த உதவியும் மேலே உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது. இருந்தால் ஓடர் இல்லை. ஆள் வந்து பார்ப்பார்கள்.

"அண்ணை, மருந்துக் காசை எல்லாருக்கும் பொதுவா எழுதுங்கோ" என்றார் மனேச்சர். "ஒரு பக்கம் போதும். பாகுபாடு எண்டு ஒரு சொல்லு வரக்கூடாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைவிட இருபது வயது குறைவு. என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

நான் ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து எழுதினேன். கந்தோரின் பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "கந்தோர் உத்தியோகத்தர்" என்று இருந்த இடமெல்லாம் வெட்டி, "பணியாளர் அனைவரும்" என்று போட்டேன். மற்றதை அப்படியே விட்டேன். முதல் வரி இது: தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்த பணியாளர் அனைவரும் இத்திட்டத்தில் சேர்வர்.

எழுதி முடித்து வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கந்தோருக்கும் மண்டபத்துக்கும் ஒரே தாள். ஒரே எல்லை. ஒரே காசு. இப்படி ஒன்றை என் கையால் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. தலைப்பில் 'எல்லோருக்கும் ஒரே சட்டம்' என்று பெரிதாகப் போட்டேன்.

அடுத்த நாள் மண்டபத்தில் நின்று வாசித்தேன். பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பவளம்தான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணை, தொடர்ந்து எண்டா?"

"இடையில நிக்காமல் வாறது."

"அப்ப நண்டுக்கும் ஒரு கடிதம் போடுங்கோ. இடையில நிக்காமல் வரச் சொல்லி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன்.

நான் கடலில் நின்றவன். வருடத்தில் இரண்டு தரம் காற்று பெலக்கும். வடகிழக்கு வாடைக்கு ஒரு தரம், தென்மேற்குச் சோளகத்துக்கு ஒரு தரம். வலை போட ஏலாது. நண்டு வராது. நண்டு வராவிட்டால் மண்டபத்தைப் பூட்டுவோம். கந்தோர்ப் பெட்டியில் இருக்கிற பெண்களின் வேலை அட்டையை முடிப்போம். காற்று விழுந்து நண்டு வந்ததும் கூப்பிட்டுப் புது அட்டை தொடங்குவோம். அதில் புதுத் திகதி போடுவோம். அந்த அட்டைகளை எழுதுகிறவன் நான். ஒவ்வொரு வருடமும் இரண்டு தரம், நூறு அட்டை, என் கையால் எழுதுவேன்.

அப்படியென்றால் மண்டபத்தில் ஒருவருக்கும் தொடர்ந்து ஆறு மாதம் வராது. பத்து வருடம் வேலை செய்தவருக்கும் வராது. கந்தோருக்குக் காற்று இல்லை. கந்தோரில் எல்லோருக்கும் வரும்.

இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். கடல் தெரிந்தால் போதும். எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாளை எழுதும்போது நான் கதிரையில் இருந்த ஆள். பவளம் கேட்டது காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

ஒரு வருடம் ஓடியது. கந்தோரிலிருந்து பில்கள் வந்தன. கண்ணாடி, பல்லு, பிள்ளையின் காய்ச்சல். மண்டபத்திலிருந்து இடைக்கிடை யாராவது கதவடிக்கு வருவார்கள். "அண்ணை, எனக்கும் அந்தக் காசு கிடைக்குமோ?" நான் அட்டையைப் பார்ப்பேன். "உங்களுக்கு இன்னும் மூண்டு மாதம் கிடக்குது." சரி என்று போய்விடுவார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அவர்கள் வந்ததையும் போனதையும் நான் ஒரு இடத்திலும் எழுதி வைக்கவில்லை. பில் வந்தால்தானே புத்தகத்தில் போட வேண்டும். பில்லை வாங்காமலே அனுப்பினால் போடுவதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு நாட்டில் எண்ணெய் இல்லாமல், மருந்து இல்லாமல் போன காலம் வந்தது. உங்களுக்கு அது நினைவிருக்கும். அரச ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்ப்பார், தாதி கட்டுப் போடுவார், மருந்து மட்டும் இருக்காது. மருந்தின் பெயரைத் துண்டில் எழுதித் தருவார்கள். வெளியில் வாங்கிக்கொண்டு போனால் ஏற்றுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பவளம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று நாளாக வேலைக்கு வராமல் இருந்தவர். வலது கையில் சீலை சுற்றியிருந்தது. பெருவிரல் அடியில் நண்டு முள் குத்தியிருந்தது. மண்டபத்தில் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்கும் குத்தும். கையுறை கிழிந்திருந்தாலும் உடைப்பதை நிறுத்த மாட்டார்கள். குத்தினால் உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த நண்டை எடுப்பார்கள். பவளமும் அப்படித்தான் செய்தார். ஆனால் அவருக்குச் சீனி.

"இருங்கோ" என்றேன்.

"இருந்தா எழும்ப ஏலாது அண்ணை. நிக்கிறன்."

இடது கையால் துண்டைத் தந்தார். ஊசி மருந்தின் பெயர். ஒரு நாளைக்கு இத்தனை, இத்தனை நாளைக்கு என்று எழுதியிருந்தது.

"ஆஸ்பத்திரியில இல்லையாம். வாங்கிக்கொண்டு வந்தா வாட்டில மறிச்சு வச்சு ஏத்துறம் எண்டு டொக்டர் சொன்னவர். கெதியா வரச் சொன்னவர். பாமசியில விலையைக் கேட்டனான். என்னட்ட அவ்வளவு இல்லை."

"எவ்வளவு இருக்குது?"

"ஒரு நாள் மருந்துக்கும் காணாது."

நான் துண்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"காசு தாங்கோ எண்டு கேக்க வரேல்லை" என்றார். "கொம்பனி தரும் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. அந்தப் பாமசி நானாவிட்டக் காட்டினா மருந்தைத் தருவார். பேந்து என்ர கூலியில வெட்டுங்கோ, இல்லாட்டி அந்த மருந்துக் காசில எடுங்கோ. எனக்கு எதெண்டாலும் சரி."

அட்டைப் பெட்டியை எடுத்து அவருடைய அட்டையைப் பார்த்தேன். திகதியிலிருந்து நாலு மாதமும் கொஞ்ச நாளும். அதற்கு முன்னால் காற்று.

"உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் ஆகேல்லைப் பவளம். ஒன்றரை மாதம் குறையுது."

"நான் இஞ்ச ஒன்பது வருசமாய் நிக்கிறன் அண்ணை."

"தொடர்ந்து இல்லையே."

அவர் என்னைப் பார்த்தார். பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொன்னேன், "சேர் கொழும்பில. கேட்டுச் சொல்லுறன். நான் தனிய முடிவெடுக்க ஏலாது. உங்களுக்குக் குடுத்தா மற்றவைக்கு என்ன சொல்லுறது. எல்லாருக்கும் ஒரே சட்டம் தானே."

பிள்ளைகள், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

கொம்பனியின் பெயர் அடித்த தாள் என் மேசை லாச்சியில் இருந்தது. முத்திரை இருந்தது. நானாவை எனக்குத் தெரியும். தாராபுரத்து ஆள். அவருடைய தமையனோடு நான் ஒரே கரையில் படகு இழுத்தவன். மூன்று வரி எழுத எனக்கு இரண்டு நிமிடம் போதும். நான் பயந்து எழுதாமல் இருந்தேன் என்றால் கூட உங்களுக்கு விளங்கும். நான் பயப்படவில்லை. சரியானதைச் செய்கிறேன் என்று நினைத்தேன். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அது பாகுபாடு என்று நினைத்தேன். பாகுபாடு வரக்கூடாது என்று எழுதிய தாளை வைத்துத்தான் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

"ஓம் அண்ணை" என்றார் பவளம். "சட்டமெண்டாச் சட்டம் தானே." துண்டை இடது கையால் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பைப் போடக் குனிய முடியாமல் நின்றதைக் கண்டேன். ஒரு காலை மட்டும் போட்டு, மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

மனேச்சருக்குப் போன் அடித்தேன். கூட்டத்தில் இருந்தார், எடுக்கவில்லை. செய்தி எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் வெள்ளி, போயா விடுமுறை. கந்தோர் பூட்டு. சனி, ஞாயிறு. நான் சனிக்கிழமை ஒருக்கால் அடித்தேன். எடுக்கவில்லை. என் கடமை முடிந்தது என்று வீட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலமை மனேச்சர் அடித்தார்.

"அண்ணை, இப்பதான் பார்த்தனான். அந்த வெள்ளாங்குளத்து அக்காவுக்கு உடனே கடிதம் குடுங்கோ. இதுக்கு ஏன் என்னைக் கேட்டனீங்கள்?"

கடிதம் எழுதினேன். வான் ஓட்டுகிறவரிடம் கொடுத்து வெள்ளாங்குளத்துக்கு அனுப்பினேன். அவர் கடிதத்தோடு திரும்பி வந்தார். வீடு பூட்டிக் கிடந்ததாம். பக்கத்து வீட்டார் சொன்னார்களாம், ஞாயிறு விடிய அம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று.

அன்று பின்னேரம் நானாவின் கடைக்குப் போனேன். அவர் பில் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை வந்தாங்க. கையில இருந்ததுக்குக் குளிசை மட்டும் வாங்கிட்டுப் போனாங்க. ஊசி மருந்து என்னட்ட இருந்திச்சு. ரெண்டு பெட்டி. இப்பவும் இருக்கு, பாருங்க." எடுத்து மேசையில் வைத்தார். "கடனுக்குக் கேட்டாத் தாறதுதான். அவங்க கேக்கல்ல. கொம்பனியில இல்லையெண்டு சொல்லிட்டாங்க எண்டு மட்டும் சொன்னாங்க. நீங்க ஒரு போன் அடிச்சிருந்தாக் காணும் அண்ணன்."

பெட்டி இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

பவளத்தின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். உயிர் தப்பினார்.

பார்க்கப் போனேன். மகள் பக்கத்தில் இருந்தாள். பவளம் என்னிடம் கோபப்படவில்லை. "வந்தீங்களோ அண்ணை, பஸ் கிடைச்சதோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். மகள்தான் வெளியில் கூட்டிக்கொண்டு வந்து கேட்டாள்.

"ஆறு மாதத்துக்கு ஒன்றரை மாதம்தான் குறைவெண்டு சொன்னனீங்களாம். உண்மையோ அங்கிள்?"

"ஓம்."

"ஒன்றரை மாதம் கை பொறுத்திருக்க வேணும், என்ன?"

அவள் பகிடி விடவில்லை. தாயைப் போலவே பேச்சு. நான் பஸ் எடுத்து வந்தேன்.

சில மாதம் கழித்து, வாங்குகிற கொம்பனி அனுப்பிய ஆள் வந்தார். ஒரு பெண். மலைநாட்டுப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஓடிட் மிஸ் என்று நாங்கள் சொன்னோம். வருவதற்கு முதல் நாள் மனேச்சர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அண்ணை, பவளத்தின்ர கதையை எடுக்காதேங்கோ. நடந்தது நடந்துபோச்சு. ஓடர் போனா நூறு பேரும் வீட்டில. அவையளின்ர அடுப்பையும் யோசியுங்கோ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த நூறு அடுப்பையும் நான் யோசித்தேன். அன்று முழுவதும் யோசித்தேன்.

மிஸ் தாளை வாசித்தார். நல்ல தாள் என்றார். "எழுத்து அழகா இருக்கு ஐயா" என்றார். புத்தகத்தைப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதுல இல்லைன்னு சொல்லி அனுப்பின ஆளுங்க பேரு எங்க இருக்கு?"

"மறுத்தது ஒண்டும் புத்தகத்தில இல்லை மிஸ்" என்றார் மனேச்சர்.

மிஸ் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நூறு பொம்பளைங்க. ஒரு வருஷம். ஒருத்தருக்குக்கூட சொகமில்லாம போகலையா?"

மனேச்சர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். மண்டபத்தில் நண்டு உடைக்கிற சத்தம் கேட்டது. ஓடரை நினைத்தேன். அந்தச் சத்தம் நின்றுபோனால் யாரால் என்று சொல்வார்கள் என்றும் நினைத்தேன்.

"வந்தவை மிஸ்" என்றேன். "வாயால இல்லையெண்டு சொல்லி அனுப்பினனான். எழுதேல்லை."

"எத்தன பேரு?"

"இருங்கோ, எழுதித் தாறன்."

தாள் எடுத்து எழுதினேன். ஞாபகத்திலிருந்து எழுதினேன். பதினேழு பெயர். யார், எந்த ஊர், என்ன வருத்தம், எத்தனை மாதம் குறைவு என்று சொன்னேன். எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. புத்தகத்தில் இல்லாதது அவ்வளவும் தலைக்குள் இருந்தது. பவளத்தின் பெயரையும் எழுதினேன்.

மிஸ் அட்டைப் பெட்டியைக் கேட்டார். அட்டைகளைத் திகதிப்படி மேசையில் பரப்பினார். ஒவ்வொரு திகதியாக விரலை வைத்துப் பார்த்தார். கடலை முதன்முதலாக முந்தின கிழமைதான் கண்டேன் என்று சொன்ன ஆள் அவர்.

"ஐயா, காத்து எந்தெந்த மாசத்துல அடிக்கும்?"

சொன்னேன். பேனாவை எடுத்து என் தாளில் 'தொடர்ந்து' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். பிறகு பெயர்களைப் பார்த்தார்.

"இந்த பவளம் இப்ப வேலைக்கு வர்றாங்களா?"

"வலது கை இல்லை மிஸ்."

அவர் பேனாவை மூடினார். சாப்பாடு எடுத்து வைத்திருந்தோம். சாப்பிடாமல் போய்விட்டார்.

ஓடர் போகவில்லை. மூன்று மாதம் தந்தார்கள், திருத்தச் சொல்லி. அன்று பின்னேரம் மனேச்சர், "ஒரு சொல்லுச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அண்ணை" என்றார். "ஓடர் போயிருந்தா?"

"வியாழக்கிழமையும் அப்பிடித்தான் இருந்தனான் சேர்" என்றேன். அவருக்கு எந்த வியாழக்கிழமை என்று விளங்கியது.

அந்தத் தாளைத் திருப்பி எழுதினேன். இந்த முறை கந்தோரில் இருந்து எழுதவில்லை. மண்டபத்தில் போய் இருந்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, "இது உங்களில ஆருக்குக் கிடைக்காது?" என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். கிடைக்குமா என்று கேட்டால் ஓம் என்று தலையாட்டுவார்கள். ஆருக்குக் கிடைக்காது என்று கேட்டால் பெயர் சொல்வார்கள். "அண்ணை, பில் எண்டு போட்டிருக்கிறீங்கள். அரச ஆஸ்பத்திரியில பில் ஆர் தாறது?" பில்லுக்குப் பதில் கிளினிக் கொப்பி, டொக்டரின் துண்டு போதும் என்று எழுதினேன். "முதல் காசு போட எங்களிட்ட இருந்தா நாங்கள் ஏன் உங்களிட்ட வாறம்?" பாமசிக்குக் கொம்பனியே நேரே கொடுக்கும் என்று எழுதினேன். காற்றுக்குப் பூட்டிய நாளும் வேலை நாள் என்று எழுதினேன். இல்லை என்று சொன்னால் அன்றே எழுதி வைக்க வேண்டும், சொன்னவரின் கையொப்பத்தோடு என்று எழுதினேன். கடைசி வரி, அவசரம் என்றால் மேசையில் இருப்பவர் ஒருவரையும் கேட்காமல் கடிதம் கொடுக்கலாம். மனேச்சர் எல்லாவற்றிலும் கையொப்பம் வைத்தார். உங்கள் மேசையில் இப்போது இருப்பது அந்தத் தாள்.

அதில் என்ன பிழை என்று கேட்டீர்கள்.

புதுத் தாளை வாசித்த அன்று பவளம் வந்திருந்தார். மகளோடு பஸ்ஸில் வந்தார். மண்டபத்தின் பின்பக்கம் நின்று கேட்டார். கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். முடிந்ததும் பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் அழுதார். பவளம் அழவில்லை.

"உன்னாலதான் பவளமக்கா இது வந்தது" என்று யாரோ சொன்னார்.

"கை குடுத்திருக்கிறன் தானே" என்றார். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணை, எனக்கு எழுத்து கொஞ்சம்தான் தெரியும். இதில நான் எந்த வரியில நிக்கிறன் எண்டு காட்டுங்கோ. சீனிக் குளிசை வெளியிலதான் வாங்குறன். கைக்கும் மருந்து கட்ட வேண்டியிருக்கு."

தாளை எடுத்து முதலிலிருந்து பார்த்தேன். பணியாளர் அனைவரும் என்று இருந்தது. பணியாளர் என்றால் அட்டை உள்ளவர். அவரால் இனி நண்டு உடைக்க ஏலாது. புது அட்டை இல்லை. இரண்டாம் தரம் பார்த்தேன். மண்டபத்தில் இருந்து அவ்வளவு பேரிடமும் கேட்டேன், இது ஆருக்குக் கிடைக்காது என்று. மண்டபத்தில் இல்லாதவரிடம் கேட்கவில்லை.

"இல்லை" என்றேன்.

"ஓம்" என்றார்.

நான் மனேச்சரிடம் போனேன். வேலையில் இல்லாதவருக்குத் திட்டம் இல்லை, அது வேறு விஷயம், தொழில் கந்தோரில் நட்டஈடு கேட்கட்டும் என்றார். கேட்டோம். விபத்துப் புத்தகத்தில் பதிவு எங்கே என்று கேட்டார்கள். முள் குத்துவதை எந்த மண்டபத்திலும் ஒருவரும் பதிவதில்லை. நானும் பதியவில்லை. அந்த வழி அதோடு நின்றது.

மனேச்சரிடம் ஒரு வரி எழுதிக்கொண்டு போனேன்: இங்கு வேலை செய்யும்போது வந்த காயத்தால் வேலையை விட்டவரும் பணியாளராகவே கொள்ளப்படுவார். அவர் வாசித்து, "இதைப் போட்டா முடிவில்லை அண்ணை" என்று வெட்டினார். அடுத்த வருடம் திரும்பக் கொண்டுபோனேன். திரும்ப வெட்டினார். அதற்கு அடுத்த வருடம் எனக்கு ஓய்வு வயது வந்து நிறுத்திவிட்டார்கள்.

நான் மாதம் ஒருக்கால் வெள்ளாங்குளம் போனேன், குளிசை வாங்கிக்கொண்டு. மூன்றாம் மாதம் பவளம் வாங்கவில்லை.

"உங்கட காசில தாறது எனக்கு வேண்டாம் அண்ணை. உங்களில எனக்குக் கோபம் இல்லை. கொம்பனி தந்தா வாங்குவன்."

அதனால் போவதை நிறுத்தினேன். மகள் படிப்பை விட்டுவிட்டு வவுனியாவில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். குளிசைக் காசு அவள் அனுப்புகிறாள்.

நீங்கள் திருப்பி எழுதப் போகிறீர்கள். அந்த வரியை மேலே எழுதியிருக்கிறேன். சொல்லுகளை நீங்கள் நன்றாக எழுதுவீர்கள், மாற்றுங்கள். சேர் வெட்டினால் திரும்ப வையுங்கள். யார் கேட்கிறார்கள் என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். பவளம் என்று சொல்லுங்கள். அவருடைய கடைசி அட்டை பெட்டியில் இருக்கிறது. நான் அதை எடுத்து எறியவில்லை.